ராணிக்கெட்டுக்கு ராணிப்பேட்டை!

கோழியை முட்டாள் என்று சொன்னவர் கோழியைக் குழம்பில் மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கணக்கு எழுதும் நண்பர், வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து மரங்கள் உள்ள குட்டித் தோப்பில் எட்டு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறார். அடித்துச் சாப்பிட அல்ல, சும்மா. பிரியாணி ஊரில் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்களாம்!

நீங்கள் செருப்பைக் கழற்றினால் முதலில் விசாரிக்க வருவது கோழிகள்தான். வாரை ஒரு கொத்து, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் ஒரு பார்வை. எக்ஸ்போர்ட் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் தோற்றார்! குழி தோண்டினால் எட்டும் சுற்றி நின்று எட்டிப் பார்க்கின்றன, கேபிள் பள்ளத்தை நாம் பார்ப்போமே, அப்படி.

அதிலும் சீனியாரிட்டி உண்டு. யார் யாரைக் கொத்தலாம் என்பதற்குக் கோழிகளிடம் கறாரான வரிசை இருப்பதை 1920-களின் தொடக்கத்தில் எழுதியவர் நார்வேக்காரர் ஷெல்டெரப் எப்பே. சிறு பையனாக இருந்தபோதே கோழிகளைக் கவனித்துக் குறித்து வைத்தவர். ஆபீஸில் 'பெக்கிங் ஆர்டர்' என்கிறோமே, அது கோழிகள் தந்த வார்த்தை. முதல் கோழி இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதை. எட்டாவது? மண்ணைக் கொத்தும். (உங்கள் ஸீட் எத்தனையாவது சார்?)

நண்பர் செலவு செய்து கூண்டு கட்டினார். பொழுது சாய்ந்ததும் எட்டும் புங்க மரத்தில் ஏறிவிட்டன. ஏறாமல் என்ன செய்யும்? பூர்வீகம் காடு. சுமார் 3,500 வருஷத்துக்கு முன் தாய்லாந்துப் பக்கம் நெல்லுக்கு ஆசைப்பட்டு மரத்திலிருந்து இறங்கி வந்த காட்டுக்கோழிதான் வீட்டுக்கோழி ஆனது என்று 2022-ல் ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். பருந்து வந்தால் ஒரு குரல், கீரி வந்தால் வேறு குரல் என்று கூப்பாட்டில்கூடப் பாகுபாடு வைத்திருக்கிறது.

ஆனால் இந்த வேடிக்கை பார்க்கும் புத்திதான் எமனும். சந்தையிலிருந்து புதுக்கோழி வந்தால் எட்டும் மொய்த்துக்கொண்டு விசாரிக்கும். வந்தது வெள்ளைக்கழிச்சலோடு வந்திருந்தால் தீர்ந்தது கதை. எதிர்வீட்டில் ஒரே வாரத்தில் பன்னிரண்டு போச்சு. "எங்க காலத்துல ஊசியா போட்டோம்? மஞ்சத்தூள் போதும்பா" என்கிறார் நண்பரின் அம்மா. போதாதும்மா. இது வைரஸ். வந்தபின் மருந்தே கிடையாது.

இங்கிலீஷ்காரர்கள் நியூகாஸில் நோய் என்பார்கள். 1920-களின் கடைசியில் இமயமலைப் பக்கத்து ராணிக்கெட்டில் காணப்பட்டதால் நமக்கு ராணிக்கெட் நோய். அதற்குத் தடுப்பூசி எங்கே தயாராகிறது தெரியுமோ? நம்ம ராணிப்பேட்டையில்! 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம். தோல் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் தாண்டிப் போகிறோமே, அதே ஊர்தான்.

குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை ஆஸ்பத்திரி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். புதுசாக வந்த கோழியை இரண்டு மூன்று வாரம் தனியாகப் பஞ்சாரத்தில் வையுங்கள். மற்றவை தூர இருந்து எட்டிப் பார்க்கட்டும்.

ஊசி நாளன்று காலையில் தோப்பெல்லாம் துரத்தி மூச்சு வாங்காதீர்கள். முந்தின ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போனால், கிளையில் தூங்குகிறதைக் கத்திரிக்காய் மாதிரி பறிக்கலாம்.