தண்ணீரில் ஒளிராத உலோகம்

இடைநிலை உலோகங்கள் பாடம் என்றாலே நிறங்களை மனனம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடிவிடுகிறோம். எஸ்.டி.பி.எம். என்றாலும் ஏ நிலை என்றாலும் கதை ஒன்றுதான். செம்புக் கரைசல் நீலம், அம்மோனியா அதிகமானால் கருநீலம். மதிப்பெண் வந்துவிடும். அந்த நிறத்தையும் ஒளியையும் வைத்து என்ன செய்யலாம் என்று கேட்கும்போதுதான் பாடம் சூடு பிடிக்கிறது என்பது என் கருத்து.

ருத்தேனியம் ஒரு நல்ல உதாரணம். தனிம அட்டவணையில் இரும்புக்கு நேர் கீழே இருப்பது. ஜாக்குலின் பார்ட்டன், ஜான் பியர் சுவாஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990இல் அதைக் கொண்டு ஓர் அணைவுச் சேர்மத்தைப் பற்றி எழுதினார்கள். உலோகத்தைச் சுற்றி மூன்று லிகண்டுகள். அவற்றில் ஒன்று மட்டும் நீளமாக, தட்டையாக, ஒரு பலகை போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் நீல ஒளியைப் பாய்ச்சினாலும் இது ஒளிராது. பலகையில் உள்ள இரண்டு நைட்ரஜன் அணுக்களை நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டு ஒளியை அணைத்துவிடுகின்றன. டி.என்.ஏ. சேர்ந்ததும் பலகை அதன் ஏணிப்படிகளுக்கு நடுவே நுழைந்துகொள்கிறது. அங்கே நீர் நெருங்க முடியாது. உடனே செம்மஞ்சள் ஒளி! தண்ணீரில் இருந்ததைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல்.

எப்போதும் ஒளிரும் சாயமாக இருந்தால் ஒட்டாத மிச்சத்தைக் கழுவி எடுக்க வேண்டும். இங்கே மிச்சம் இருட்டாகவே கிடக்கும். தண்ணீரில் ஒளிராததுதான் இதன் பலமே.

இதைச் சொன்னால், “புற்றுநோய் குணமாகுமா?” என்பதுதான் பலரின் முதல் கேள்வி. இது மருந்தல்ல, டி.என்.ஏ.வைக் கண்டறியும் கருவி. பார்ப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு என்று நம் வீடுகளில் ஏன் ஒப்புக்கொள்வதில்லை? மருத்துவத்துக்கு இடம் கிடைக்காதவர்களின் படிப்பாக வேதியியலை நினைப்பதும் இதே மனப்போக்குதான். ஒளி பட்டால் செயல்படும் ருத்தேனிய மருந்து ஒன்றைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது வேறு மூலக்கூறு, வேறு வேலை.

இந்தச் சேர்மத்துக்கும் குறை உண்டு. உயிருள்ள செல்லுக்குள் எளிதில் போகாது. நீரை அதிகம் விரும்பாத லிகண்டுகளை மற்ற இரண்டு இடங்களில் பொருத்தினால் செல்லுக்குள் நுழைவது கூடுகிறது. ஆனால் டி.என்.ஏ.வுக்குள் நுழையும் எதுவும் அதன் பிரதியெடுக்கும் வேலையைக் கெடுக்கலாம். ஆய்வுக்கூடத்தில் எத்திடியம் புரோமைடைத் தொடக் கையுறை போடச் சொல்வதும் அதனால்தான். எந்த லிகண்டை மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது? இது மனனம் செய்து விடை எழுதக்கூடிய கேள்வி அல்ல.