துக்க வீட்டில் சொல்லத்தக்க சொல்

துக்கம் விசாரிக்கச் செல்வோர், "எல்லாம் விதி, அழாதீர்கள்" என்பர். இழந்தவர் கேளாத அறிவுரை அது.

நம் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே பாரியின் பறம்பு என்பது அறிஞர் துணிபு. தந்தையை இழந்த பாரி மகளிர் பாடியது ஐந்தே அடிகள் (புறம். 112). அடுத்த பாடலில், அம்மகளிரை உடனழைத்துச் செல்லும் கபிலர் அவர்களைத் தேற்ற முற்படவில்லை. பறம்பை நோக்கி, அங்கே குறையாதிருந்த விருந்தை நினைவுகூர்ந்து, தாமும் கண்ணீரோடு விடைபெறுகிறார். புலவர்க்கா சொல் பஞ்சம்!

அப்பாடலைப் பன்முறை நடத்தியவன் நான். எனினும், தந்தையை இழந்த மாணவன் ஒருவனிடம் "பொறுமை கொள்" என்றே கூறினேன். தலையை மட்டும் அசைத்தான். "சென்ற நோன்பில் உன் அத்தா எனக்குக் கஞ்சி ஊற்றித் தந்தார்" என்றதும் என் கையைப் பற்றிக்கொண்டான்.