விற்கும் வீட்டில் குடியிருப்போர்



'நான்கு குடித்தனம் உள்ள மாடிக் கட்டடம் விற்பனைக்கு. வாடகை வருமானம் உண்டு' என்னும் அறிவிப்பு பீர்க்கன்கரணைத் தெருக்களில் புதுமையன்று. பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2021இல் தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கியது. 2023 டிசம்பர் இறுதியில் அண்மையிலுள்ள கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையமும் திறக்கப்பட்டது. இத்தகைய வீடுகளைக் கட்டிய தந்தை காலமானபின் மக்கள் பாகம் பிரிக்க இயலாமல் விற்கின்றனர். வாங்குபவர் விலையைப் பேசுகிறார். விற்பவர் பங்கைப் பேசுகிறார். உள்ளே குடியிருக்கும் நான்கு குடும்பங்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

முதலில் பங்கு. இறந்தவருக்கு மனைவியும் இரு புதல்வரும் ஒரு புதல்வியும் மட்டுமே வாரிசுகள் எனக் கொள்வோம். கடன், கொடுபடாத மஹர், வஸிய்யத் ஆகியவை போக 80 இலட்சம் ரூபாய் எஞ்சுகிறது. மனைவிக்கு எட்டிலொன்று, அதாவது 10 இலட்சம். மீதி 70 இலட்சத்தில் புதல்வர் ஒவ்வொருவருக்கும் 28, புதல்விக்கு 14. 'திருமணத்திற்குச் சீர் செய்தோமே' என்று சகோதரியின் 14 இலட்சத்தைக் கழிக்க முயல்வோரைக் காண்கிறோம். சீர் வேறு, வாரிசுரிமை வேறு. குடித்தனக்காரரிடம் தந்தை பெற்ற முன்பணமும் கடனே என்பதை மறந்துவிடுகின்றனர். அது பங்கில் சேராது. பங்கிற்கு முன்னரே எடுத்து வைக்க வேண்டியது.

வீட்டை விற்றுவிட்டால் வாடகை உடன்பாடு முறிந்துவிடுமா? முறியாது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி விற்பனை செல்லும். ஆயினும் தவணை முடியும்வரை குடியிருப்பவரின் உரிமை நீடிக்கும். குடித்தனம் இருப்பதை அறியாமல் வாங்கியவர் வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம். ஹனஃபி மத்ஹபில் குடியிருப்பவர் இசையும்வரை, அல்லது தவணை முடியும்வரை, அவரைப் பொறுத்தமட்டில் விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டதாகும். 'மாதத்திற்கு இவ்வளவு' என்று மட்டும் பேசியிருந்தால், மாத முடிவில் இரு தரப்பாரும் விலகலாம் என்பது ஹனஃபி நூல்களின் தீர்ப்பு. எவ்வழியில் பார்ப்பினும், கிரயம் முடிந்த மறுநாள் 'வெளியேறு' என்பதற்கு இடமில்லை. நாட்டின் 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் புதிய உரிமையாளரைப் பழையவரின் இடத்தில்தான் நிறுத்துகிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டம் உடன்பாட்டை எழுத்தில் வைக்கச் சொல்கிறது. வாய்ப்பேச்சில் காலங்கழிக்கும் நம்மவர் இதனைக் கவனிப்பாராக!

யாரிடம் விற்பது? ஸஹீஹுல் புகாரியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடுதலை செய்த அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் மனை வளாகத்திற்குள் இரண்டு வீடுகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு ஸஅதிடம் கேட்டார்கள். அவர்கள் முதலில் மறுத்தார்கள். பின்னர் 4,000 திர்ஹத்திற்கு மேல் தர இயலாது, அதுவும் தவணையில்தான் என்றார்கள். வேறொருவர் 500 தீனார் தர முன்வந்திருந்தார். தீனாருக்குப் பத்து திர்ஹம் என்று கணக்கிட்டால் 5,000 திர்ஹம்! அப்படியிருந்தும் அபூராஃபிஉ (ரலி) ஸஅதிடமே கொடுத்தார்கள். அண்டையிலிருப்பவருக்கே முன்னுரிமை என்று நபியவர்கள் கூறியதைக் கேட்டிராவிட்டால் கொடுத்திருக்க மாட்டேன் என்றும் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆயிரம் திர்ஹம் இழப்பு அவர்களுக்கும் இழப்பாகவே தெரிந்தது என்பதை நான் விரும்பிப் படிப்பதுண்டு.

ஷுஃபஆ எனும் இவ்வுரிமை ஷாஃபிஈ மத்ஹபில் பிரிக்கப்படாத சொத்தின் கூட்டாளிக்கு மட்டுமே உரியது. ஹனஃபி மத்ஹபில் பக்கத்து வீட்டாருக்கும் உண்டு. அவர் முஸ்லிமல்லாதவராயினும் உண்டு. ஆதலின் ஒரு வாரிசு தம் பங்கை வெளியாருக்கு விற்க நினைத்தால், உடன்பிறந்தாரிடம் முதலில் கேட்பது இரு மத்ஹபின்படியும் கடமையை ஒட்டியது. சென்னை உயர்நீதிமன்றம் 1870லேயே இதனை இம்மாகாணத்தில் சட்டமாக ஏற்க மறுத்துவிட்டது. எனவே நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. மனச்சான்றுதான் கட்டாயப்படுத்த வேண்டும். வாடகைக்குடியிருப்பவருக்கு ஷுஃபஆ இல்லை. எனினும், பதினைந்து ஆண்டு தவறாமல் வாடகை தந்த குடும்பம் தரகர் வாயிலாகச் செய்தி அறிவது அழகன்று. அவர்களுக்கும் வாங்கும் ஆசை இருக்கலாம். ஒருமுறை கேட்டுப் பார்ப்பதால் விலை குறைந்துவிடாது.

குறையை மறைத்து விற்பதும் ஆகாது. இப்பகுதிகளில் முதற்கேள்வி தண்ணீரைப் பற்றியதே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அருகிலுள்ள முடிச்சூர் பட்ட பாட்டை நாடறியும். தரைத்தளத்தில் நீர் புகுந்ததா, எவ்வளவு உயரம் நின்றது என்பதை விற்பவரே சொல்ல வேண்டும். வாங்குபவர் மறந்துவிடாமல் குடித்தனக்காரரையும் கேட்கலாம். சுவரின் கறை யாருக்குத் தெரியாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும். 7 விழுக்காடு முத்திரைத் தீர்வைக்கும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணத்திற்கும் அஞ்சிப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவோர், கையொப்பமிடுவது பொய்யின்மீது என்பதை அறிவார்களா?

இனி ஒத்தி. நான்கு குடித்தனங்களில் ஒன்று ஐந்து இலட்சம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருக்கும். கொடுத்த பணம் முழுதும் திரும்ப வரும் என்றால் அது கடன். கடனுக்கு ஈடாகப் பெறும் குடியிருப்பு வட்டியின் சாயலுடையது என்றே ஆலிம்கள் எச்சரிக்கின்றனர். வீடு கைமாறும் நேரம் இவ்வொத்தியை முடித்து, நியாயமான வாடகைக்கு மாற்றிக்கொள்ள ஏற்ற சமயம். அந்த ஐந்து இலட்சத்தையும் மற்றவர்களின் முன்பணத்தையும் திருப்பித் தருபவர் விற்பவரா வாங்குபவரா என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே தொகையுடன் எழுதி, ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். ஒத்திப் பணத்திற்கு ஜகாத் கொடுக்க வேண்டியவர் யார் என்பதை அடுத்த இதழில் காண்போம், இன்ஷா அல்லாஹ்.