குறுகிய வாசல் எது?

தேயிலைத் தொழிற்சாலைக்குள் கால் வைத்திராத பிள்ளைகூட ஊவா மலைநாட்டில் அதன் மணத்தை அறிந்திருக்கும். கொழுந்து மடுவத்தில் நிறுத்து அனுப்பிய பச்சைக் கொழுந்து தொழிற்சாலையில் முதலில் வாட்டப்படுகிறது. பிறகு உருளை யந்திரத்தில் உருட்டப்படுகிறது. காற்றுப் படும்படி பரப்பி நிறம் மாற விடப்படுகிறது. சூடான காற்றில் உலர்த்தப்படுகிறது. இறுதியில் சலித்துத் தரம் பிரிக்கப்படுகிறது. ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கும்.

மழை பெய்து வெயில் எறிக்கும் நாள்களில் கொழுந்து பொங்கிக்கொண்டு வரும். அந்நாள்களில் உருளை யந்திரங்கள் பத்து இருந்தும், வாட்டும் தொட்டிகள் போதாவிட்டால் என்ன பயன்? குவிந்து கிடக்கும் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். ஆகவே தொழிற்சாலையின் வலிமை அதன் பெரிய யந்திரத்தில் இல்லை. அதன் மிகக் குறுகிய வாசலிலேயே இருக்கிறது. அந்த வாசல் எது என்பதைக் கொழுந்து குவிந்த பிறகு அறிவதால் நன்மையில்லை. குவியுமுன் அறிய வேண்டும்.

கணினி உலகத்திலும் இதே நியாயம்தான். ஒரு மென்பொருள் எத்தனை பேரைத் தாங்கும், எந்த இடத்தில் முதலில் மூச்சுத் திணறும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து பார்ப்பதற்குத் தகைப்புச் சோதனை என்று பெயர். தகைப்பு என்ற சொல் பௌதிகவியல் படிக்கும் மாணவர்களுக்குப் பழக்கமானதே. கம்பியில் படிப்படியாகப் பாரத்தை ஏற்றி, அது எப்போது நீள்கிறது, எப்போது அறுகிறது என்று பார்ப்பது போன்றதுதான் இதுவும். இதனை எவ்வாறு செய்கிறார்கள், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். பெறுபேறு இணையத்தளத்தில் வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்ததும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பசறையிலும் லுணுகலையிலும் உள்ள பிள்ளைகள் ஒரே வேளையில் தங்கள் சுட்டெண்ணைத் தட்டுகிறார்கள். ஒரு கணக்குக்காக, பத்து நிமிடத்திற்குள் 3 இலட்சம் பேர் வருகிறார்கள் என்றும், ஒவ்வொருவரும் 4 முறை பக்கத்தைக் கேட்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 இலட்சம் கேள்விகள். அவற்றை 600 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்கு 2,000 கேள்விகள் ஆகின்றன.

அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் லிட்டில் என்பவர் 1961 இல் ஓர் எளிய விதியை நிறுவிக் காட்டினார். உள்ளே நிற்பவர்களின் தொகை, வருகின்ற வேகத்தையும் ஒவ்வொருவரும் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கி வருவதற்குச் சமம் என்பதே அது. ஒரு மடுவத்திற்கு மணிக்கு 40 பேர் வந்து, ஒவ்வொருவரும் கால் மணி நேரம் நின்றால், சராசரியாக 10 பேர் அங்கே நிற்பார்கள். நமது இணையத்தளம் ஒரு கேள்விக்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் பதில் தருமானால், உள்ளே நிற்பவர்கள் 400 பேர். சற்றுக் களைத்துப்போய் 2 விநாடி எடுக்குமானால் 4,000 பேர். கூட்டம் கூடக்கூடக் களைப்பும் கூடுகிறது. பக்கம் வரவில்லையென்று பொறுமையிழந்து மறுபடியும் மறுபடியும் தட்டுகிறவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். தளம் விழுந்துவிடுகிறது.

இது வெறும் கற்பனைப் பயமன்று. 2013 ஒக்டோபர் 1 ஆம் திகதி அமெரிக்க அரசாங்கம் மருத்துவக் காப்புறுதிக்காக ஓர் இணையத்தளத்தைத் திறந்தது. இலட்சக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். முதல் நாளில் காப்புறுதியில் சேர்ந்து முடித்தவர்கள் ஆறே ஆறு பேர்! திறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்பு நடந்த சோதனையில் சில நூறு பேரின் பாரத்திற்கே தளம் தள்ளாடியதென்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. சோதனை நடந்தும், அதைத் திருத்துவதற்கு நாள் இருக்கவில்லை. நம் நாட்டிலும் 2022 ஜூலையில் எரிபொருளுக்கான கியூ.ஆர். முறை அறிமுகமானபோது, வாகனம் வைத்திருந்த தேசம் முழுவதும் ஒரே வாசலைத் தட்டியதை நாம் மறக்கவில்லை. இனி வருங்காலத்தில் இத்தகைய நாள்கள் அதிகமாகுமேயன்றிக் குறையமாட்டா.

சரி, இலட்சம் பேரின் கூட்டத்தைச் சோதனைக்காக எங்கிருந்து கொண்டுவருவது? மனிதரைக் கூட்ட வேண்டியதில்லை. மனிதரைப் போல் நடந்துகொள்ளும் சிறு நிரல்களைக் கூட்டினாற் போதும். பக்கத்தைத் திற, சுட்டெண்ணை எழுது, சிறிது பொறு, பதிலைப் படி என்று ஒரு மாணவன் செய்வதையெல்லாம் அந்த நிரல் செய்யும். ஜேமீட்டர் என்ற கருவி 1998 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. லோகஸ்ட் என்பது இன்னொரு கருவி. அச்சொல்லுக்கு வெட்டுக்கிளி என்று பொருள். பயிரின் மேல் இறங்கும் வெட்டுக்கிளிப் படையைப் போலத் தளத்தின் மேல் இறங்குவதால் அந்தப் பெயர் பொருத்தமானதே. இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை.

ஆனால் ஒரேயொரு கணினியிலிருந்து இலட்சம் பேரைப் போல் நடிக்க முடியாது. அந்தக் கணினியே முதலில் களைத்துப்போகும். சோதிக்கிறவனுக்கு மூச்சு வாங்குவதைக் கண்டு, சோதிக்கப்படுகிறவனுக்குப் பலமில்லை என்று தீர்ப்பளிக்கும் வேடிக்கை அப்போது நடந்துவிடும். ஆகையால் பல கணினிகள் வேண்டும். இரண்டு மணி நேரச் சோதனைக்காக இருபது கணினிகளை விலை கொடுத்து வாங்குவார் உண்டா? இங்கேதான் முகிற் கணிமை துணைக்கு வருகிறது. சிங்கப்பூரிலோ மும்பாயிலோ உள்ள பெரிய நிலையங்களில் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். கலியாண வீட்டுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு எடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த இருபது கணினிகளிலும் ஒரே நிரலை ஒரே விதமாக ஏற்றி வைப்பது எப்படி? இதற்கு விடை கப்பல் துறையிலிருந்து வந்தது. 1956 ஏப்ரில் 26 ஆம் திகதி மால்கம் மக்லீன் என்ற அமெரிக்கர், ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 அலுமினியப் பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டிக்குள் என்ன இருந்தாலும் வெளியளவு ஒன்றுதான்; எந்தப் பாரந்தூக்கியும் தூக்கும், எந்த லொறியும் சுமக்கும். நமது தேயிலையும் இன்று இத்தகைய கொள்கலன்களிலேயே கொழும்புத் துறைமுகத்திலிருந்து புறப்படுகிறது. 2013 இல் டொக்கர் என்ற கருவி இதே யுக்தியை மென்பொருளுக்குப் பலரும் கையாளத்தக்க முறையில் கொண்டுவந்தது. நிரலையும் அதற்கு வேண்டிய துணைப்பொருள்களையும் ஒரு கொள்கலனில் அடைத்துவிட்டால், எந்தக் கணினியில் இறக்கினாலும் அது ஒரேவிதமாக ஓடும்.

கொள்கலன்கள் பலவானால் அவற்றை மேய்க்க ஒருவர் வேண்டுமல்லவா? 2014 இல் கூகிள் கம்பெனி வெளியிட்ட குபர்னெட்டிஸ் என்ற ஏற்பாடு அந்த வேலையைச் செய்கிறது. மீகாமன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. பல கணினிகளை ஒரு கொத்தணியாகச் சேர்த்து, இன்ன கொள்கலன் இன்ன கணினியில் ஓடட்டும், ஒன்று விழுந்தால் அதற்குப் பதில் இன்னொன்று எழட்டும் என்று அது பார்த்துக்கொள்ளும். இருபது கொள்கலன்கள் வேண்டுமென்று நாம் எழுதி வைத்தால் போதும். இருபதையும் நிலைநிறுத்துவது அதன் பொறுப்பு.

கொத்தணி அமைக்க விரும்பும் மாணவர்கள் பின்வரும் ஒழுங்கை மனத்திற் கொள்ளலாம். முதலாவது, மாணவனைப் போல் நடிக்கும் நிரலை எழுதி, லோகஸ்டுடன் சேர்த்துக் கொள்கலனாக அடைக்க வேண்டும். இரண்டாவது, சோதிக்கும் கொத்தணி வேறு, சோதிக்கப்படும் தளம் வேறு என்று பிரித்து வைக்க வேண்டும். இரண்டும் ஒரே கணினிகளைப் பங்குபோட்டுக்கொண்டால் அளவு தவறாகிவிடும். மூன்றாவது, ஒரு தலைமைக் கொள்கலனையும் பல பணியாள் கொள்கலன்களையும் ஓடவிட வேண்டும். தலைமை வேலையைப் பங்கிட்டுக் கொடுத்துக் கணக்கைத் திரட்டும்; பணியாள்கள் தளத்தைத் தட்டும். தோட்டத்தில் கங்காணி நிரை பிரித்துவிடுவது போன்ற ஏற்பாடு இது.

நான்காவது, பாரத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். 100 பேர், 500 பேர், 2,000 பேர் என்று ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சில நிமிடம் நிறுத்திப் பதில் வரும் நேரத்தையும் பிழைகளின் தொகையையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது, நேரம் திடீரென்று நீளும் படியில் நின்று, குறுகிய வாசல் எது என்று தேட வேண்டும். தரவுத்தளமா, நினைவகமா, இணைப்பா என்று கண்டு திருத்திய பின் மறுபடியும் சோதிக்க வேண்டும். ஆறாவது, வேலை முடிந்ததும் கொத்தணியைக் கலைத்துவிட வேண்டும். மறந்துபோனால் வாடகை மாத்திரம் இரவும் பகலும் ஏறிக்கொண்டேயிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பிறருடைய தளத்தின் மேல் அனுமதியில்லாமல் இப்படையை ஏவுவது சோதனையாகாது, தாக்குதலாகும். நம் நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. உங்கள் தளத்தை மாத்திரமே சோதியுங்கள். வாடகைக்குத் தரும் நிலையத்தின் விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு உண்மையான மாணவரின் சுட்டெண்ணைப் பயன்படுத்தாமல் கற்பனை எண்களையே பயன்படுத்துங்கள்.

இனி, இவ்விஷயத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்ல வேண்டும். சோதனை முடிந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது சராசரியைத்தான். 100 பேரில் 95 பேருக்கு ஒரு விநாடியில் பதில் வந்து, 5 பேர் 40 விநாடி காத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 3 விநாடிக்கும் சற்றுக் குறைவு! கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 5 பேர் யார்?

பெரும்பாலும் அவர்கள் மலைச்சரிவில் வாழ்பவர்கள். நமுனுகுல மலையின் மடிப்பில் உள்ள ஒரு லயத்தில், கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறி நிற்கும் பிள்ளைகள் அவர்கள். ஊரில் ஒரு விநாடியில் வந்துசேரும் பக்கம் அங்கே இருபது விநாடி ஊர்ந்து வரும். அந்த இருபது விநாடியும் தளத்தின் ஓர் இணைப்பு திறந்தே கிடக்கும். லிட்டிலின் விதியை மறுபடியும் நினைவுகூருங்கள். தங்கும் நேரம் நீண்டால் உள்ளே நிற்பவர்களின் தொகை பெருகும். ஆகவே மெதுவான இணைப்புக்காரர்கள் பலராகும்போது தளத்தின் பாரமும் வேறாகிறது. சிங்கப்பூரின் அதிவேகக் கம்பியில் அமர்ந்து சோதிக்கும் கொத்தணி இதை ஒருநாளும் காணாது.

இதற்குப் பரிகாரம் உண்டு. பணியாள் கொள்கலன்களில் ஒரு பகுதியின் இணைப்பு வேகத்தைக் கட்டுப்படுத்தி, மலைநாட்டுச் சமிக்ஞையைப் போல் மெதுவாக்கலாம். இடையிடையே அறுந்துபோகவும் செய்யலாம். சராசரியை ஒதுக்கிவைத்து, 100 பேரில் கடைசி 5 பேர் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று தனியே கேட்கலாம். பக்கத்தின் பாரத்தைக் குறைத்து, அலங்காரப் படங்களை நீக்கலாம். மாறாத பெறுபேற்றை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் தேடாமல், முன்பே ஆயத்தம் செய்த பிரதியாகக் கொடுக்கலாம். இவையெல்லாம் அதிகப் பணச் செலவில்லாத வேலைகள். கவனிக்க ஓர் ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் ஏன் நம்மிடமிருந்து வரக்கூடாது? 2005 இல் கொழும்பிலே தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற கம்பெனியின் மென்பொருளை அமெரிக்காவின் ஈபே வாணிப நிலையம் கையாண்டு, ஒரே நாளில் 100 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்களை நடத்தியிருக்கிறது. இலங்கையரின் கைவேலை அவ்வளவு பாரம் தாங்கியது. பதுளையிலேயே 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் கணினிக் கல்வியைத் தருகிறது. தோட்டப் பாடசாலையிலிருந்து அங்கே செல்லும் ஒரு மாணவிக்கு, கொழும்பில் வளர்ந்த பொறியியலாளர் பாடத்தில் மாத்திரம் படித்த ஒன்று அனுபவமாகத் தெரியும். பலவீனமான சமிக்ஞை எப்படிப்பட்டது, பக்கம் பாதியில் நின்றுபோனால் வீட்டில் எல்லாருடைய முகமும் எப்படி மாறும் என்பதை அவள் அறிவாள். நல்ல சோதனையை எழுத அந்த அறிவு மிகவும் வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கணினி படிக்கும் பிள்ளை, வராத கூட்டத்திற்கு இரவிரவாக வாசல் கட்டிக்கொண்டிருந்தால், வீண்வேலை என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் கூட்டம் ஒருநாள் வரும். அன்று முதலாவதாக வருபவருக்கு மாத்திரமல்லாமல், மேட்டு லயத்திலிருந்து கடைசியாக வருபவருக்கும் வாசல் திறந்திருந்தால்தான் அந்த வேலை நிறைவுபெற்றதாகும்.