இல்லை என்று எழுதுமுன்

இரு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்துக் கேலிச்சித்திரங்களைப் பற்றி அண்மையில் ஒரு சஞ்சிகையில் நீண்ட கட்டுரை வந்திருக்கிறது. உழைத்து எழுதியதுதான். ஆனால், உலக அரசியலைக் கோட்டில் பிடிக்கும் கண் அந்நாளில் தமிழருக்கு இருக்கவில்லை என்று முடித்திருக்கிறார்கள். அதை எங்களால் விழுங்க முடியவில்லை.

1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதி கருத்துப்படத்துக்கு முகப்பையே கொடுத்தான், படத்தின் பொருளை உள்ளே விளக்கியும் எழுதினான். முப்பதுகளில் ஆனந்த விகடனில் மாலி வரைந்தார். இங்கே, யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் 1930இல் ‘ஈழகேசரி’ பத்திரிகை பிறந்தது. அடுத்த வருடமே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. அந்தத் தலைமுறைக்கா உலகம் தெரியாது?

அந்தக் காலத்துப் படங்களில் எங்களைப் பிடித்து வைத்திருப்பது ஒன்று. 1919 மே மாதம் இலண்டன் ‘டெய்லி ஹெரால்ட்’டில் வில் டைசன் வரைந்தது. வேர்சேய் மண்டபத்திலிருந்து தலைவர்கள் வெளியே வருகிறார்கள். தூணுக்குப் பின்னால் உடுப்பில்லாத ஒரு குழந்தை முகத்தை மறைத்து அழுகிறது. அதன் தலைக்கு மேல், அது போருக்குப் போகும் வயதை எட்டும் 1940 என்ற ஆண்டு. குழந்தை அழுவது கேட்கிறதே என்று பிரெஞ்சுப் பிரதமர் கிளெமன்சோ வியந்து நிற்கிறார். இதைத் தீர்க்கதரிசனம் என்று புகழ்வோருடன் எங்களுக்கு உடன்பாடில்லை. டைசன் சோதிடம் பார்க்கவில்லை, வேர்சேய் உடன்படிக்கையை ஒழுங்காக வாசித்தார். கேலிச்சித்திரக்காரனின் முதல் வேலை வாசிப்பு. டேவிட் லோவும் அப்படி வாசித்தவர்தான். அவருடைய படங்களைப் பற்றி 1937இல் நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பிரித்தானிய அமைச்சரிடமே முறையிட வேண்டி வந்தது. சவாரித்தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை எங்களுக்குத் தந்த சுந்தரும் பின்னாளில் ‘சிரித்திரன்’ சஞ்சிகையை நடத்தியது அந்த வாசிப்பின் பலத்தில்தான். ஊர்ப்பேச்சில் நாட்டு அரசியலை வைத்துக் காட்டிய அவரை நகைச்சுவைக்காரர் என்று மட்டும் சொல்லி ஒதுக்கியது எங்கள் விமர்சகர்கள் செய்த பெரும் பிழை.

எங்கள் பத்திரிகைகளில் அப்படிப் படம் வரவில்லை என்று அடித்துச் சொல்ல எந்தக் கோவையைப் புரட்டினார்கள்? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. பழைய பத்திரிகைகளும் போயின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துத் தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடுகளில் இருந்தவையும் சிதறின. ஆதாரம் எரிக்கப்பட்ட சமூகத்தைப் பார்த்து, உன்னிடம் எதுவும் இருந்ததில்லை என்று எழுதுவது ஆய்வு ஆகாது. எரித்தவனின் வேலையை எழுத்தில் முடித்துக் கொடுப்பது அது. நூலகம் நிறுவனம் பல வருடங்களாக ஈழத்துப் பழைய இதழ்களை மின்வருடிச் சேர்த்து வருகிறது. எழுதுமுன் அதையாவது தேடிப் பார்த்திருக்கலாம்.

சரவணையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் உள்ள வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். றங்குப்பெட்டியில் முப்பதுகளின் பத்திரிகை இருந்தால் எங்களுக்கு அறிவியுங்கள். வந்து பார்த்து, படமெடுத்துவிட்டு, அங்கேயே திருப்பித் தருவோம். கறையான் அரித்தது என்று எறிந்துவிட வேண்டாம். அரைப்பக்கம் கிடைத்தாலும் போதும்.