பூச்சாடி மண்ணைச் சோதிப்போம்

பள்ளிப் பூச்சாடியில் செடி வாடினால், நீரூற்ற மறந்த மாணவனையே நாம் கடிந்துகொள்கிறோம். மண்ணை ஐயுறுவதில்லை. கோல சிலாங்கூர்க் கரையோரத் தோட்டங்களில் இது நியாயமன்று என்போம்.

இங்குள்ள கடற்சேற்று நிலத்தின் அடியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டு என்னும் தாது பல இடங்களில் உண்டு. நீருக்குள் இருக்கும்வரை தீங்கில்லை. கால்வாய் வெட்டிக் கரையில் கொட்டிய சேற்றில் காற்றுப் பட்டதும் கந்தக அமிலம் பிறக்கிறது, பி.எச். எண் 4க்கும் கீழே இறங்கிவிடும். எண் 6 உடைய மண்ணைவிட 4 உடையது 100 மடங்கு புளிப்பு! அதில் கரையும் அலுமினியம் இளவேரைக் கெடுக்கிறது. செம்பனைக்கே கால்வாய் நீரைத் தேக்கி அவ்வடுக்கை மூடிவைப்பர். நாமோ அக்கரை மண்ணையே வாரிச் சாடியில் நிரப்புகிறோம். வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் தென்படும் மண்ணைத் தொடவே வேண்டாம்.

மற்ற மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கித் தெளியவிட்டு, பி.எச். தாளை நனைத்துப் பார்க்கலாம். (செம்பருத்திச் சாறு எலுமிச்சைக்குச் சிவக்கும், மண்ணுக்கு அது போதாது.) புளிப்பு மிகுந்தால் சுண்ணாம்புக்கல் தூளைச் சிறிது கலந்து, சில வாரம் ஈரமாக வைத்து மீண்டும் சோதிக்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பை அள்ளிப் போடலாகாது, வேர் வெந்துபோகும்.

தாளுக்கான சிறு செலவைப் பெற்றோர் ஏற்கட்டும். ஆறாம் ஆண்டு மாணவர் சோதித்து, கண்ட எண்ணைச் சாடியின்மேல் எழுதிவைக்கட்டும்.