ஊசி போட்டால்தான் வைத்தியமா?

காய்ச்சல் என்று டாக்டரிடம் போகிறோம். அவர் விவரம் கேட்டு, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, "வைரஸ் காய்ச்சல்தான். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மூச்சுத் திணறினாலோ, மூன்று நாளில் குறையாவிட்டாலோ உடனே வாருங்கள்" என்கிறார். நமக்குத் திருப்தி இல்லை. "ஊசிகூடப் போடவில்லை, இவரெல்லாம் ஒரு டாக்டரா?" என்று அடுத்த கிளினிக் படியேறுகிறோம். அங்கே ஊசியும் கிடைக்கிறது, ஆன்டிபயாட்டிக்கும் கிடைக்கிறது. கைராசிக்காரர் என்ற பட்டமும் அவருக்கே!

சகோதரர்களே, சிந்தியுங்கள்! ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். சாதாரண சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸால் வருபவை. அவற்றிடம் அதன் பாச்சா பலிக்காது. தேவையில்லாமல் விழுங்கும்போது நம் உடலிலுள்ள பாக்டீரியாக்களில் பலவீனமானவை சாகும். மருந்துக்கு அடங்காதவை பிழைத்துப் பெருகும். நாளை நிமோனியாவோ, ஆபரேஷனுக்குப் பின் புண்ணில் சீழோ வந்தால் அதே மருந்து கைவிட்டுவிடும்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945இல் நோபல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார். யாரும் கடையில் வாங்கலாம் என்ற நிலை வந்தால், அரைகுறையாகச் சாப்பிட்டுக் கிருமிகளை வலுவாக்கிவிடுவார்கள் என்றார். அதுதான் நடந்தது. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

இந்தக் கிருமிகள் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் கைகள் வழியாகவே பரவுகின்றன. வியன்னாவில் 1847இல் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டுக்குள் வருவோர் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்றார். 1846இல் நூற்றுக்குப் பதினொரு தாய்மார்கள் இறந்த அந்த வார்டில், 1848இல் அது நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்தது. நோயாளியைப் பார்க்கக் கூட்டமாகப் போகும் நாமும் கை கழுவிவிட்டு உள்ளே போக வேண்டாமா? ஒவ்வொரு வார்டிலும் தண்ணீரும் சோப்பும் இருக்கச் செய்வது அரசின் கடமையல்லவா?

மெடிக்கல் ஷாப் நடத்தும் வணிகப் பெருமக்களே! பல முக்கிய ஆன்டிபயாட்டிக்குகள் 2014 முதல் எச்1 அட்டவணையில் உள்ளன. சீட்டு இல்லாமல் அவற்றை விற்பது சட்டவிரோதம். விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். "நாலு மாத்திரை கொடுங்க பாய்" என்று தெரிந்தவரே கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

இளைஞர்களே! வீட்டுப் பெரியவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "டாக்டர், இது என்ன நோய்? இந்த மருந்து அவசியமா? எத்தனை நாள்?" என்று கேளுங்கள். யோசித்து, காத்திருக்கச் சொல்லும் டாக்டரை மதியுங்கள். அதுவும் வைத்தியம்தான்!